இலை நகர வேண்டுமா, கரண்டி நகர வேண்டுமா?

கல்யாணப் பந்தியில் இலை அசையாது. சாம்பார் வாளிக்காரர், பொரியல்காரர், அப்பளக்காரர் என்று பரிமாறுபவர்கள்தான் நடந்துகொண்டே இருப்பார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் நேர் எதிர். கரண்டி பிடித்த அண்ணன் நின்ற இடத்திலேயே நிற்பார், நாம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். இரண்டு இடத்திலும் சோறு பரிமாறும் வேலைதான். ஆனால் எதை அசைப்பது, எதை அசையாமல் வைப்பது என்ற முடிவு வேறு. எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு சாம்பார் சிந்தும் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான்.

இதே கேள்வியை வைத்துக்கொண்டு பல வருடங்களாக மல்லுக்கட்டிய ஒரு மெஷினைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பிக் அண்ட் பிளேஸ் மெஷின். செல்போனைத் திறந்தால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும் இல்லையா, அதன் மேல் ரவை கொட்டிய மாதிரி சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டியிருக்கும். ஒரு நல்ல போனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அவற்றில் மிகச் சிறிய வகைகளில் ஒன்று 0.4 மிமீ நீளம், 0.2 மிமீ அகலம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் வைப்பதுதான் இந்த மெஷினின் வேலை. எடு, வை. எடு, வை. அவ்வளவுதான்.

பி.காம். படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் இது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, பாதிக்கு மேல் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இருக்க வேண்டிய கதை என்று தோன்றியது. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு ஆச்சரியம். ரேடியோவைத் தானாகச் செய்யும் இயந்திரம் வேண்டும் என்று யோசித்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர், எதையும் எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தார்! ஜான் சார்க்ரோவ் என்பவர், இங்கிலாந்தில் வேலை செய்த பொறியாளர். 1947இல் அவர் காட்டிய இயந்திரத்துக்கு எக்மே என்று பெயர். பேக்லைட் தகடு ஒரு முனையில் நுழையும். வழியில் அதன் மேல் உருகிய துத்தநாகத்தைப் பீய்ச்சி, கம்பி, காயில், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் அந்தத் தகட்டிலேயே உருவாக்கிவிடுவார்கள். தனிப் பாகம் என்ற ஒன்றே குறைந்துவிட்டதால் அதை எடுத்து வைக்கும் வேலையும் குறைந்துவிட்டது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் வியாபாரமாக நிற்கவில்லை. ரேடியோவின் டிசைனில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் தகட்டின் அச்சையே மாற்ற வேண்டும் அல்லவா? ஒரே பொருளை லட்சக்கணக்கில் விற்க முடிந்தால் மட்டுமே இப்படிப்பட்ட இயந்திரம் கட்டுப்படியாகும். இந்தச் சிக்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வரும்.

அமெரிக்காவில் கதை வேறு பக்கம் போனது. 1949இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த டான்கோ, ஆப்ராம்சன் என்ற இருவர் ஆட்டோ-செம்ப்ளி என்ற முறையை உருவாக்கினார்கள். போர்டில் ஓட்டை போடு, பாகத்தின் கால்களை அதில் செருகு, அடிப்பக்கத்தை மொத்தமாக உருகிய சால்டரில் முக்கி எடு. ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாகச் சூட்டுக்கோல் வைக்கிற வேலை போயிற்று. மிச்சம் இருந்தது செருகுகிற வேலை மட்டும்தான். அதை வரிசையாக உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கைகளின் இடத்துக்கு மெஷினைக் கொண்டு வருவதுதான் அடுத்த இலக்கு.

1950களில் இந்த வேலைக்கு வந்த கம்பெனிகளில் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யுனைடெட் ஷூ மெஷினரி கார்ப்பரேஷன். ஆமாம், ஷூ தைக்கிற மெஷின் செய்கிற கம்பெனி! யோசித்துப் பார்த்தால் அவ்வளவு விசித்திரம் இல்லை. ஷூவில் சின்ன ஆணியை இறக்கி மடக்குவது, கயிறு கோக்கும் ஓட்டைக்கு உலோக வளையம் பதிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ரெசிஸ்டரின் கால்களை வெட்டி, வளைத்து, ஓட்டையில் இறக்கி, கீழ்ப்பக்கம் மடக்குவதும் கிட்டத்தட்ட அதே வேலைதானே. பிற்காலத்தில் இந்தப் பிரிவு டைனாபெர்ட் என்ற பெயரில் பிரபலமானது.

இந்தக் கம்பெனியைப் பற்றி வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவின் ஏகபோகத் தடுப்புச் சட்ட வரலாற்றில் இது ஒரு பெரிய பெயர். ஷூ மெஷின்களை யாருக்கும் விற்க மாட்டார்கள், 10 வருடக் குத்தகைக்கு மட்டும்தான் தருவார்கள். ரிப்பேருக்குத் தனியாகக் காசு வாங்க மாட்டார்கள், எல்லாம் வாடகைக்குள் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால் வெளியில் மெஷின் ரிப்பேர் செய்து பிழைக்கும் தொழிலே முளைக்கவில்லை, போட்டியாளர் உள்ளே நுழைய வழியும் இல்லை. 1953இல் நீதிபதி வைசான்ஸ்கி இது சட்டவிரோதமான ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். கேட்கிற வாடிக்கையாளருக்கு மெஷினை விற்கவும் வேண்டும், குத்தகைக் காலத்தை 5 வருடமாகக் குறைக்கவும் வேண்டும் என்று உத்தரவு. வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது என்ற இந்தச் சங்கதிக்கும் பிறகு வருகிறேன்.

இப்போது கரண்டி விஷயம். செருகும் மெஷினில் எது அசைந்தது? போர்டுதான் அசைந்தது. மெஷினின் தலை நின்ற இடத்திலேயே மேலும் கீழும் இறங்கி ஏறும், போர்டு ஒரு மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்ந்து, சரியான ஓட்டையைத் தலைக்குக் கீழே கொண்டுவரும். ஹாஸ்டல் மெஸ் முறை. அதற்கு உறுதியான காரணம் இருந்தது. மேலே இருக்கும் தலை காலைச் செருகும்போது, போர்டுக்கு அடியில் இன்னொரு கருவி அந்தக் காலைப் பிடித்து மடக்க வேண்டும. மேலும் கீழும் இரண்டு கனமான கருவிகள் எப்போதும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நகர்த்துவதைவிட, நடுவில் இருக்கும் லேசான போர்டை நகர்த்துவது சுலபம். 1968இல் ஜப்பானின் மாட்சுஷிதா (இன்றைய பானாசோனிக்) பானாசெர்ட் என்ற பெயரில் செருகும் மெஷின்களைக் கொண்டுவந்தது. சொந்தத் தொழிற்சாலைகளில் டிவியும் ரேடியோவும் குவிந்துகொண்டிருந்த கம்பெனி, மெஷினுக்கு முதல் வாடிக்கையாளர் அவர்களே.

அப்புறம் ஓட்டையே இல்லாமல் போய்விட்டது!

பாகத்துக்குக் கால் எதற்கு, போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிவிடலாமே என்ற யோசனையை 1960களில் ஐபிஎம் செயல்படுத்தியது. சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டின் வழிகாட்டிக் கணினியில் இந்த மாதிரி பாகங்கள் இருந்தன. சாதாரணப் பொருட்களுக்கு இது பெரிய அளவில் வந்தது 1980களில். முறை இதுதான். போர்டில் தேவையான இடங்களில் சால்டர் பேஸ்ட் என்ற பசையைத் தடவு, பாகத்தை அதன் மேல் வை, மொத்தமாக அடுப்பு மாதிரியான பெட்டிக்குள் அனுப்பு. பசை உருகிப் பாகம் பிடித்துக்கொள்ளும்.

கவனியுங்கள், போர்டுக்கு அடியில் இருந்த மடக்கும் கருவிக்கு இனி வேலையே இல்லை. மேலே இருக்கும் தலையும் கனமாக இருக்க வேண்டியதில்லை. காற்றை உறிஞ்சிப் பாகத்தைப் பிடிக்கும் ஒரு சின்னக் குழாய், நாசில், போதும். அதாவது போர்டை அசைத்ததற்கு இருந்த காரணம் போய்விட்டது. ஆனால் அடுத்து வந்த வேகமான மெஷின்கள் போர்டை இன்னும் பயங்கரமாக அசைத்தன! காரணம் போனாலும் பழக்கம் போகாது என்பது என் கணிப்பு. ஆனால் பழக்கம் மட்டும் இல்லை, அதில் ஒரு வேகக் கணக்கும் இருந்தது.

அந்த மெஷினுக்கு டரட் மெஷின் என்று பெயர், செல்லமாக சிப் ஷூட்டர். ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் 1959இல் தொடங்கிய ஃபூஜி மெஷின் கம்பெனி இதில் ராஜா. அடிப்படையில் இவர்கள் கடைசல் மெஷின், அதாவது லேத் செய்கிறவர்கள். லேத்தில் பல கருவிகளைப் பொருத்திய ஒரு தலை சுழன்று சுழன்று ஒவ்வொரு கருவியாக முன்னால் கொண்டுவரும். அதற்கும் டரட் என்றுதான் பெயர். லேத்காரர்கள் மூளையில் இந்த யோசனை உதித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

டரட் மெஷினை ஒரு ராட்டினமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு முதல் இருபது தலைகள் வட்டமாகத் தொங்குகின்றன. ராட்டினம் படிப்படியாகச் சுற்றும். பின்பக்கத்தில் ஒரு தலை பாகத்தை உறிஞ்சி எடுக்கிறது. அதே நொடியில் முன்பக்கத்தில் இன்னொரு தலை பாகத்தைப் போர்டில் வைக்கிறது. நடுவழியில் ஒரு கேமரா, பாகம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்த படியில் தலை தன்னைத்தானே திருப்பிச் சரிசெய்துகொள்ளும். சரியில்லாத பாகத்தைக் கீழே போட ஒரு இடம். எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடப்பதால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாகம் வைத்தாயிற்று. ஃபூஜியின் 1990களின் சிபி-6 வகை மெஷின்களில் ஒரு பாகத்துக்கு 0.09 நொடி. மணிக்கு 40,000! கண்ணை ஒருமுறை சிமிட்டுவதற்குள் ஒன்றோ இரண்டோ வைத்து முடித்திருக்கும்.

ராட்டினம் நின்ற இடத்தில் சுற்றுகிறது. எனவே பாகம் எடுக்கும் இடமும் ஒன்றுதான், வைக்கும் இடமும் ஒன்றுதான். அப்படியானால்? முன்னால் போர்டு ஓட வேண்டும், பின்னால் ஃபீடர்கள் ஓட வேண்டும். ஃபீடர் என்பது பாகத்தை ஊட்டும் கருவி. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் 8 மிமீ அகல டேப்பில், குழிக்கு ஒன்றாகப் படுத்துக்கொண்டு, ரீலுக்கு 5,000 அல்லது 10,000 என்று வரும். டேப்பின் ஓரத்தில் சினிமா ஃபிலிம் மாதிரி 4 மிமீக்கு ஒரு ஓட்டை. ஃபீடர் அந்த ஓட்டையில் பல்லை மாட்டி இழுத்து, மேல் ஒட்டிய தாளை உரித்து, அடுத்த பாகத்தை நீட்டும். ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் ஒரு ஃபீடர். இப்படிப் பல டஜன் ஃபீடர்கள், ரீலோடு சேர்த்து, ஒரு தண்டவாள வண்டியில் ஏறி இடதும் வலதும் பாய்ந்துகொண்டே இருக்கும். மெஸ்ஸில் தட்டும் ஓடுகிறது, சமையலறையும் ஓடுகிறது, கரண்டி மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இதில் வரும் சங்கடங்கள் ஒன்று இரண்டல்ல. முதலில் இடம். முதல் ஃபீடரும் கடைசி ஃபீடரும் அதே எடுக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும் என்பதால், ஃபீடர் வரிசையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை மெஷினுக்கு ஒதுக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் தீர்ந்த ரீலை நினைத்த நேரத்தில் மாற்றவும் முடியாது. அடுத்தது குலுக்கல். பிசிக்ஸ் படிக்கும் நண்பனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். 0.09 நொடியில் பாதி நேரம் தலை கீழே இருக்கும், மிச்சப் பாதியில், அதாவது 0.045 நொடியில், போர்டு 1 செமீ நகர்ந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது. ஈரப் பசையின் மேல் உட்கார்ந்திருக்கும் பாகங்கள் இதைத் தாங்க வேண்டும். குட்டிப் பாகம் எடையே இல்லாததால் பசையோடு ஒட்டிக்கொள்ளும். கனமான சிப் வழுக்கிவிடும். அதனால் குட்டிகளை மட்டும் டரட்டில் வைத்துவிட்டு, பெரிய சிப்களை வைக்க வரிசையில் அடுத்ததாக வேறு மாதிரியான, மெதுவான மெஷின் ஒன்றை நிறுத்துவார்கள். ஃபூஜியே சிபிக்குப் பின்னால் நிற்க ஐபி என்று ஒரு வகையை விற்றது.

அடுத்து வரிசைப்படுத்தும் பிரச்சினை. எந்த ஃபீடர் எந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி குறைவாக ஓடும், எந்த வரிசையில் வைத்தால் போர்டு குறைவாக ஓடும்? ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் கணக்கு ஒன்று வருமே, அதுதான் இது. இதில் கொடுமை என்னவென்றால் இரண்டு விற்பனையாளர்கள், ஒருவர் பாதை மாறினால் மற்றவர் பாதையும் மாறிவிடும். பரீட்சையில் ஐந்து ஊர் கொடுத்தாலே எனக்கு வியர்க்கும். இவர்கள் முந்நூறு, நானூறு ஊர் வைத்துக்கொண்டு மல்லாடியிருக்கிறார்கள். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வந்திருக்கின்றன.

இவ்வளவு சங்கடம் இருந்தும் 1990கள் முழுக்க டரட்தான் கோலோச்சியது. ஏன்? அன்றைய வியாபாரம் அப்படி. விசிஆர், டிவி, கம்ப்யூட்டர் போர்டு என்று ஒரே போர்டைப் பல்லாயிரக்கணக்கில் அடித்தார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்டில் 200 பாகங்கள். டரட் மெஷின் மணிக்கு 40,000 வைக்கும், ஒரு போர்டுக்கு 18 நொடி. ஆனால் வேறு போர்டுக்கு மாற 2 மணி நேரம் ஆகும் என்போம். இன்னொரு மெஷின் மணிக்கு 10,000தான் வைக்கும், போர்டுக்கு 72 நொடி. ஆனால் 15 நிமிடத்தில் அடுத்த போர்டுக்கு மாறிவிடலாம்.

10,000 போர்டு ஆர்டர் வந்தால் டரட்டுக்கு 52 மணி நேரம், மெதுவான மெஷினுக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். பேச்சே இல்லை. 50 போர்டு ஆர்டர் வந்தால்? டரட்டுக்கு 2 மணி 15 நிமிடம். மெதுவானதுக்கு 1 மணி 15 நிமிடம்! இரண்டும் சமமாகும் இடம் சுமார் 117 போர்டு. நம் பாடத்தில் வரும் பிரேக் ஈவன் பாயின்ட்டேதான், ரூபாய்க்குப் பதில் நிமிடம். நான்கு மடங்கு வேகமான மெஷின், சின்ன ஆர்டரில் தோற்றுப்போகிறது. மெஷின் விற்கிறவர் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுவார், வாங்குகிறவர் தன் ஆர்டர் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வேகத்தைச் சொல்வதிலும் ஒரு தில்லுமுல்லு இருந்தது. பைக் விளம்பரத்தில் போடும் மைலேஜ் மாதிரி, எல்லாம் சாதகமாக அமைந்தால் எவ்வளவோ அதைத்தான் அச்சடிப்பார்கள். எப்படி அளந்தீர்கள் என்று ஒரே மாதிரி சொல்ல வைக்க ஐபிசி-9850 என்ற தரநிலை வந்ததே 2002இல்தான்.

சரி, எதிர் முகாமுக்கு வருவோம். போர்டும் நிற்கட்டும், ஃபீடரும் நிற்கட்டும், தலை மட்டும் ஓடட்டும் என்றவர்கள். பந்தி முறை. துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் மாதிரி மேலே ஒரு சட்டம், அதில் தலை ஓடும். இதற்கு கேண்ட்ரி என்று பெயர். குலுக்கல் இல்லை, இடமும் குறைவு, ஓடும்போதே ரீல் மாற்றலாம். ஒரே குறை, ஒவ்வொரு பாகத்துக்கும் போய் வர வேண்டும். ஒரு கரண்டி சாம்பாருக்காக ஒவ்வொரு முறையும் சமையலறைக்கு ஓடினால் பந்தி எப்போது முடியும்?

ஜெர்மனியின் சீமென்ஸ் இதற்குச் சொன்ன பதில், வாளி. அவர்களுடைய சிப்ளேஸ் மெஷின்களில் ஓடும் தலையிலேயே 12 நாசில் கொண்ட ஒரு குட்டி ராட்டினம். ஃபீடர் வரிசையில் போய்ப் பன்னிரண்டையும் நிரப்பிக்கொண்டு, ஒரே நடையில் போர்டுக்குப் போய்ப் பன்னிரண்டையும் வைத்துவிட்டுத் திரும்பும். கேமராவும் தலையிலேயே இருப்பதால் போகும் வழியிலேயே பாகத்தைப் பார்த்துவிடும். டரட்டின் நல்ல குணத்தை எடுத்துக்கொண்டு அதன் கெட்ட குணத்தை விட்டுவிட்டார்கள். இத்தனை வடிவங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் வேறு மாதிரி யோசித்தது. ஒரு ஆள் ஏன் தலைதெறிக்க ஓட வேண்டும்? நிறைய ஆட்களை நிறுத்தி, எல்லோரும் நிதானமாக வேலை செய்யட்டுமே! வரிசையாகப் பல கைகள், பிந்தைய மெஷின்களில் இருபது வரை. ஒவ்வொரு கைக்கும் சில ஃபீடர்கள்தான், ஒவ்வொரு கையும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாகத்தைத்தான் எடுக்கும். போர்டு அவற்றுக்குக் கீழே அடி அடியாக நகரும். ஒவ்வொரு கையும் மெதுவாக இயங்குவதால் பாகத்தை அழுத்தாமல் பதமாக வைக்கும். ஆனால் மொத்த வேகம் யாருக்கும் சளைத்ததில்லை. வேடிக்கையைப் பாருங்கள், 1950களில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மூன்று பாகம் செருகிய பெண்களின் அதே அமைப்புக்கு மெஷின் திரும்பி வந்துவிட்டது.

ஜூக்கியையும் விட முடியாது. திருப்பூர்ப் பக்கம் ஜூக்கி என்றால் பனியன் கம்பெனித் தையல் மெஷின். அதே ஜப்பான் ஜூக்கிதான் 1987 முதல் இந்த மெஷினும் செய்கிறது. பைக் செய்யும் யமஹாவும் இந்தத் தொழிலுக்கு வந்தது அதே காலத்தில்தான். தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்கும், துணிதான் நகரும். ஆனால் ஜூக்கி தன் போர்டு மெஷினில் தலையைத்தான் ஓடவிட்டது. கேமரா முன்னால் நின்று முகம் காட்டிவிட்டுப் போகிற நேரத்தை மிச்சப்படுத்த, தலையிலேயே ஒரு லேசர். அமெரிக்காவின் சைபர்ஆப்டிக்ஸ் கம்பெனி செய்தது. நாசிலில் தொங்கும் பாகத்தைப் பயணத்தின்போதே லேசர் ஒளியில் திருப்பி, அதன் நிழலை வைத்து எவ்வளவு கோணல் என்று கண்டுபிடித்துவிடும். மின்னல் வேகம் இல்லை, ஆனால் சின்ன முதலாளியும் வாங்கக்கூடிய மெஷின்.

2000களின் தொடக்கத்தில் டரட்டின் கதை முடிவுக்கு வந்தது. கேம்களும் பற்சக்கரங்களும் சுற்றும் ராட்டினத்தை 0.07 நொடிக்கும் கீழே ஓட்டுவது பெரும்பாடு. பாகங்களோ சிறுத்துக்கொண்டே போயின. 0.6 மிமீ நீளப் பாகம், குலுங்குகிற வண்டியில், டேப்பின் குழிக்குள்ளேயே நிமிர்ந்து நின்றுவிட்டால் நாசில் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் மேலாக வியாபாரம் மாறிவிட்டது. ஒரே கான்ட்ராக்ட் தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு, வாரத்துக்கு ஒரு மாடல், நாளுக்கு ஒரு மாடல் என்று செய்ய வேண்டிய நிலை. எல்லோரும் அந்த 117 போர்டுக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சார்க்ரோவைப் பிடித்த சனி இப்போது டரட்டையும் பிடித்தது.

டரட்டைக் கொன்றது வெளியார் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2003இல் ஃபூஜியே என்எக்ஸ்டி என்ற மெஷினைக் கொண்டுவந்தது. சுமார் 32 செமீ அகலமுள்ள ஒல்லியான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓடும் தலை, நிற்கும் போர்டு, நிற்கும் ஃபீடர். வேண்டிய எண்ணிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொள்ளலாம். ஆர்டர் கூடினால் இரண்டு பெட்டி சேர்த்துக்கொள், தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள். ஒரே அடியாகப் பெரும் முதலீடு போட வேண்டிய நிலையான செலவு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் செலவாக மாறிவிட்டது. லாபம் கொழிக்கும் தன் சொந்தப் பொருளைத் தானே காலி செய்ய எத்தனை கம்பெனிக்குத் துணிச்சல் வரும்? செய்தார்கள், இன்றும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

மற்றவர்கள்? சீமென்ஸ் தன் சிப்ளேஸ் பிரிவை 2011இல் ஏஎஸ்எம் பசிபிக் டெக்னாலஜிக்குக் கொடுத்துவிட்டது. பிலிப்ஸ் பிரிவு அசெம்ப்ளியான் என்ற பெயரில் தனியாகப் போய், 2015இல் குலிக்கி அண்ட் சோஃபா கைக்குப் போனது. சாம்சங்கும் 2015இல் தன் மெஷின் பிரிவு இருந்த டெக்வின் கம்பெனியை ஹன்வா குழுமத்துக்கு விற்றது. டிவி, போன் செய்துகொண்டே மெஷினும் செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள் (பானாசோனிக் விதிவிலக்கு). லேத்காரர், தையல்காரர், பைக்காரர் நிற்கிறார்கள். சொந்தத் தொழிற்சாலை சுருங்கியதும் மெஷின் பிரிவின் முதல் வாடிக்கையாளர் காணாமல் போகிறார், போட்டிக் கம்பெனியோ நம்மிடம் வாங்கத் தயங்குகிறது. இப்படித்தான் எனக்குப் புரிகிறது.

எது அசைய வேண்டும் என்ற சண்டை முடிந்துவிட்டது, தலைதான் அசைய வேண்டும். ஆனால் பணம் எங்கே இருக்கிறது என்றால், அசையாமல் நிற்கும் ஃபீடரில் இருக்கிறது. மேலே சொன்ன 8 மிமீ டேப் உலகம் முழுக்க ஒரே அளவு, அதற்கு ஈஐஏ-481 என்ற தரநிலை உண்டு. ஒரு கம்பெனி மெஷினிலிருந்து அடுத்த கம்பெனி மெஷினுக்குப் போர்டு போவதற்கும் எஸ்எம்ஈஎம்ஏ என்ற பொதுத் தரநிலை உண்டு. உள்ளே வருவதும் பொது, வெளியே போவதும் பொது. நடுவில் இருக்கும் ஃபீடர் மட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி! ஃபூஜி ஃபீடர் ஜூக்கியில் மாட்டாது, சில சமயம் ஒரே கம்பெனியின் பழைய ஃபீடர் புது மெஷினில் மாட்டாது. நூறு இருநூறு ஃபீடர் வாங்கி வைத்தவருக்கு அந்த முதலீடே மெஷின் விலையை நெருங்கலாம். அடுத்த மெஷின் வாங்கும்போது அவர் எந்தக் கம்பெனிக்குப் போவார் என்று சொல்லவும் வேண்டுமா? யுனைடெட் ஷூ குத்தகைப் பத்திரம் எழுதிச் செய்த வேலையை, இங்கே பத்திரமே இல்லாமல் ஒரு உலோகக் கொக்கி செய்கிறது. சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். வாங்கியவரின் நிலைமை ஒன்றுதான்.

2011இல் ஓப்பன்பிஎன்பி என்ற திட்டம் தொடங்கியது. இந்த மெஷினை வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு இலவசமாகத் திறந்த மென்பொருள். லூமன்பிஎன்பி மாதிரி, வரைபடத்தையே வெளிப்படையாகக் கொடுத்துவிட்ட மெஷின்களும் பின்னால் வந்தன. மோட்டார், கேமரா, காற்றுப் பம்பு எல்லாம் விலை குறைந்துவிட்டதால் ஓடும் தலையைச் செய்வது இன்று அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. இவர்களும் மாட்டிக்கொள்வது ஃபீடரில்தான். நாற்பது வகைப் பாகத்துக்கு நாற்பது ஃபீடர் என்றால், மெஷினைவிட அது பெரிய செலவு.

அதற்கு அவர்கள் செய்யும் எளிய வழி ஒன்று இருக்கிறது. டேப்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேல் தாளைக் கையாலேயே உரித்து, மெஷின் மேஜையில் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஃபீடரே கிடையாது. முதல் குழி காலியானதும் தலை 4 மிமீ தள்ளி அடுத்த குழிக்குப் போகிறது. போர்டும் அசைவதில்லை, டேப்பும் அசைவதில்லை. ஒரு சாண் டேப்பில் சுமார் ஐம்பது பாகங்கள் இருக்கும், தீர்ந்ததும் இன்னொரு சாண் வெட்டி ஒட்ட வேண்டும். பத்து இருபது போர்டு செய்கிறவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.